வானிலை பார்த்துத் தூண்டில் போட்டால் மீன் கூடக் கிடைக்குமா? செட்டிநாட்டுக் கண்மாய்களை வைத்து ஒரு விவாதம்

செம்மண்பூமி (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் மச்சானும் பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துக் கண்மாய்களில், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவோம். மச்சான் கைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறார். நிலவு, காற்றழுத்தம், காற்றின் திசை, வெப்பம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அன்றைக்கு மீன் கடிக்குமா என்று நட்சத்திரம் போட்டுச் சொல்கிறது. ஒரே ஒரு நட்சத்திரம் வந்தால் அவர் கிளம்பவே மாட்டார். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், செயலி பக்கமே போகாதவர். வானம் மூடம் போட்டிருக்கிறதா, காற்று எங்கிருந்து வருகிறது என்று வாசலில் நின்று பார்ப்பார். "இன்னைக்கு விரால் எடுக்கும், போங்க" என்பார்.

இரண்டு பேருமே வானிலையைத்தான் நம்புகிறார்கள். ஆனால் ஒரே நாளைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வானிலைக்கும் மீன் கிடைப்பதற்கும் உண்மையாகவே தொடர்பு உண்டா? அனுபவம் இருப்பவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

கண்மாய்க்கரை (தேவகோட்டை அருகே)

தொடர்பு இருக்கிறது தம்பி. நம் பக்கத்தில் முதல் கேள்வி மழை, மற்றதெல்லாம் அப்புறம்தான்.

புரட்டாசி கடைசியில், ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்து வரத்துக்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கும்போது கண்மாய்க்குள் நுழைகிற வாயில் போய் நின்று பாருங்கள். செம்மண் கரைந்து தண்ணீர் ரத்தச் சிவப்பாக வரும். கணுக்கால் ஆழம்கூட இருக்காது. அதில் கெண்டை முதுகு வெளியே தெரிய எதிர்த்து ஏறும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஈரத்தரையிலேயே நகரும். கெளுத்தி சேற்றோடு சேறாகப் போகும். அந்த ஓடையில் பரி (மீன் பிடிக்கிற கூடை) வைத்தவன் வீட்டுக்கு ஒரு வாரம் மீன் வாங்க வேண்டியதில்லை. அதே நாளில் கண்மாய் நடுவில் தூண்டில் போட்டவன் ஏமாந்து திரும்புவான். மீன் இருந்த இடத்திலேயே இல்லையே, எப்படிக் கடிக்கும்?

கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு மறுகால் பாயும்போது இன்னொரு ஓட்டம். மேல் கண்மாய் மீன் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு இறங்கும். கீழ்க் கண்மாய் மீன் விழுகிற தண்ணீரை நோக்கி ஏறும். கலுங்குக்குக் கீழே நுரை அடங்குகிற இடத்தில் போட்டால் கெண்டை உறுதி.

காற்றும் முக்கியம். நம் பக்க நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரையும் மடையும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கிறபோது நீர்மேல் மிதக்கிற பூச்சி, பாசித் துணுக்கு எல்லாம் கரையோரம் ஒதுங்கும். அதைத் தின்ன பொடிமீன் வரும், பொடிமீனைத் தின்ன விரால் வரும். ஆடியில் தண்ணீர் கிடக்கிற கண்மாயாக இருந்தால், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி கரையில் உட்காருங்கள். முதுகில் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக உட்கார்ந்தால் சுகம் மட்டும்தான் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை (புதுவயல்)

அண்ணே, வரத்துக்கால் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. மீன் ஏறுவது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் "மூடம் போட்டால் விரால் எடுக்கும்" என்பதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வெயில் கொளுத்துகிற நாளில் நாம் பத்தரை, பதினோரு மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறோம். மூடமான நாளில் மதியம் வரைக்கும், சில சமயம் சாயங்காலம் வரைக்கும் உட்காருகிறோம். கூட நேரம் உட்கார்ந்தவருக்குக் கூட மீன். அதை வானத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நல்ல நாள் என்று நம்பிப் போகிறவர் இரையை ஒழுங்காக மாற்றுவார், தக்கையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். ஒரு நட்சத்திரம் என்று பார்த்தவர் போகவே மாட்டார் அல்லது போனாலும் அரை மனதோடு இருப்பார். செயலி சொன்னது பலித்துவிடும்.

இன்னொன்று, மூன்று விரால் கிடைத்த நாளின் வானம் நமக்கு வருடக்கணக்கில் ஞாபகம் இருக்கும். வெறும் பையோடு வந்த மூடமான நாட்கள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு எத்தனை மீன் என்று கணக்குப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது என் கருத்து.

நீர்த்துளி (திருப்பத்தூர், சிவகங்கை)

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன நேரக் கணக்கு ரொம்பச் சரியான கேள்வி. அதைக் கழித்த பிறகும் சில விஷயங்கள் நிற்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெப்பம். மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு நிலையாக இருக்காது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் 10 டிகிரி கூடினால் அதன் உடம்பு செலவழிக்கிற சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பசியும் அதோடு ஏறும். கட்லா, ரோகு மாதிரி வளர்ப்புக் கெண்டைகளுக்கு 25 முதல் 32 டிகிரி வரை வசதியான தண்ணீர். மார்கழி, தையில் விடியற்காலை தண்ணீர் அதற்குக் கீழே போகும்போது அவை மந்தமாகிவிடும். வெயில் ஏறி எட்டரை, ஒன்பது மணிக்கு மேல்தான் அசையும். அந்த மாதங்களில் இருட்டோடு எழுந்து போய் உட்காருவதில் பயன் குறைவு. சித்திரை, வைகாசியில் நேர்மாறு. இடுப்பளவுத் தண்ணீர் மதியத்துக்குள் கொதிக்கத் தொடங்கிவிடும். மீன் மடைப்பள்ளத்துக்கோ, தாமரை இலைக்கு அடியிலோ, கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மர நிழலுக்கோ போய்விடும்.

ஆனால் சூட்டைவிடப் பெரியது ஆக்சிஜன். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் வரை தாங்கும், 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் கீழே. சூட்டில் மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்பு குறைகிறது. பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். ராத்திரி அந்தப் பாசியே மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் கண்மாயில் ஆக்சிஜன் மிகக் குறைவு. முந்தின நாள் முழுக்க மூடமாக இருந்து, காற்றும் இல்லாமல் இருந்தால் இன்னும் மோசம்.

இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. அப்படி ஒரு மூடமான நாளுக்கு மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கிற ஊருணிப் படிக்கட்டில் போய் நில்லுங்கள். நீர்மட்டம் முழுக்க வட்டம் வட்டமாகத் தெரியும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆள் நிழல் பட்டாலும் உடனே இறங்காது. "எவ்வளவு மீன், இன்றைக்கு நல்ல வேட்டை" என்று தோன்றும். அந்த மீன் இரை எடுக்காது, மூச்சுக்காகத்தான் மேலே வந்திருக்கிறது. பொரியைத் தூவினால்கூடத் திரும்பிப் பார்க்காது.

இங்கேதான் செம்மண்பூமி மாமனார் சொன்னது பொருந்துகிறது. விரால், பனையேறிக் கெண்டை, தேளி எல்லாம் காற்றை நேரடியாகவே உறிஞ்சும். விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். கெண்டை திணறுகிற காலையில் அது திடமாக இருக்கும், தள்ளாடுகிற பொடிமீன் அதற்குச் சுலபமான இரை. வெளிச்சம் மங்கலாக இருந்தால் பதுங்கிப் பாய்கிற மீனுக்கு வேலை எளிது. அவர் "மீன் எடுக்கும்" என்று சொல்லவில்லை, "விரால் எடுக்கும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

செம்மண்பூமி (காரைக்குடி)

அக்கா, இதை அப்படியே மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். "கெண்டைக்கு மூடம் ஆகாது, அது எப்பவும் சொல்றதுதானே" என்றார். எங்களிடம் அதை அவர் சொன்னதே இல்லை!

காற்றழுத்தம் பற்றியும் சொல்லுங்கள். மச்சானின் செயலியில் அதற்குத்தான் அதிக மதிப்பு. அழுத்தம் இறங்கினால் மீன் வெறி பிடித்த மாதிரி கடிக்கும் என்று யூடியூபிலும் சொல்கிறார்கள். கீழ்க்காற்று அடித்தால் மீன் கடிக்காது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன்.

நீர்த்துளி

காற்றழுத்தத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 1 மில்லிபார் அழுத்தம் என்பது சுமார் 1 சென்டிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். கண்மாயில் ஒரு கெண்டை ஓர் அடி கீழே இறங்கினால் அதன் உடம்பில் அழுத்தம் 30 மில்லிபார் கூடும். ஒரு நாளைக்கு அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது!

இனி நம் ஊர் வானத்தைப் பாருங்கள். புயல், தாழ்வு மண்டலம் இல்லாத நாளில் இங்கே காற்றழுத்தம் கடிகாரம் மாதிரி நடக்கும். காலை, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். அதிகாலை, மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் 3 மில்லிபார் அளவுதான். குளிர்நாடுகளில் ஓரிரு நாளிலேயே 20 மில்லிபாருக்கு மேல் மாறும், அதோடு வெப்பம், காற்று, மேகம் எல்லாமே தலைகீழாகும். அங்கே உருவான நம்பிக்கையைத்தான் செயலி பள்ளத்தூர்க் கண்மாய்க்கும் சொல்கிறது. இங்கே மாலை நான்கு மணிக்கு மேல் மீன் நன்றாக எடுப்பது உண்மை. அதற்கு அழுத்தத்தைத் தேட வேண்டியதில்லை, வெயில் தாழ்கிறது, கரையோர நிழல் நீள்கிறது.

அழுத்தம் நிஜமாகவே பெரிதாக இறங்குவது புயல் சமயத்தில். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் பக்கமும் வந்தது. அப்படிப்பட்ட நாளில் காற்று, மழை, வெளிச்சக் குறைவு, புதுத்தண்ணீர் எல்லாம் ஒன்றாக வருகின்றன. அதில் அழுத்தத்துக்கு மட்டும் தனியாகப் பேர் வைக்க முடியாது.

கீழ்க்காற்று விஷயம் நமக்குப் பொருந்தவே பொருந்தாது. மேலைநாட்டில் கீழ்க்காற்று என்றால் பல இடங்களில் குளிரும் கெட்ட வானிலையும். நமக்குக் கீழ்க்காற்றும் வாடையும்தான் மழை கொண்டு வருகின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. நம் கண்மாய் நிறைவதே அந்தக் காற்றால்.

கண்மாய்க்கரை

தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறது. ஈசலை விட்டுவிட்டதே என்று எழுதுகிறேன்.

முதல் மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கு வைத்த வீட்டுக்குள் வருகிற மாதிரியே தண்ணீர் மேலும் விழும். இறக்கை ஒட்டிக்கொண்டால் எழும்ப முடியாது, துடித்துக்கொண்டே மிதக்கும். கெண்டை கீழிருந்து வந்து "சப்"பென்று உறிஞ்சும் சத்தம் கரையில் கேட்கும். அன்றைக்கு ஈயக் குண்டைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய தங்கூசி நரம்பு, சின்ன முள், இரண்டு ஈசல், தக்கைகூட வேண்டாம், நீர்மேலேயே மிதக்க விடுங்கள். மண்புழுவை அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் மீன் குதிப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

தண்ணீர் கலங்கியிருந்தால் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற விராலை மறந்துவிட்டுக் கெளுத்திக்குப் போடுங்கள். அது மீசையாலும் மோப்பத்தாலும் இரை தேடும். நாற்றம் உள்ள இரை, கோழிக்குடல் மாதிரி, அடியில் கிடக்க வேண்டும். செம்மண் தெளிய நாளாகும், அதுவரை இதுதான் வழி.

வாடைக்காற்று (தொண்டி)

கண்மாய்க்காரர்கள் பேசும் இடத்தில் கடல்காரன் நுழைகிறேன். நிலவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான்.

எங்களுக்கு நிலவு முக்கியம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகம். வலை போடும் இடம், நேரம் எல்லாம் அதைப் பார்த்துத்தான். நிலா வெளிச்சம் தெளிவாக அடிக்கிற ராத்திரியில் மீனுக்கு வலை தெரியும், விலகிப் போகும். இருட்டு நாளில் வலை நிறையும் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. கண்மாயில் ஓதமும் இல்லை, நீரோட்டமும் இல்லை. பகலில் தூண்டில் போடுகிறவருக்கு நிலவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

காற்று எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பல இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. வாடை பலமாகப் பிடித்தால் அடிச்சேறு கிளம்பிக் கடலே கலங்கிவிடும். மன்னார் வளைகுடா ஆனி, ஆடிக் காற்றில் பொங்குகிற சமயம் எங்கள் பக்கம் ஓரளவு அமைதி. வாடைக் காலத்தில் எங்களுக்குத்தான் கஷ்டம். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலை மையம் சொன்னால் அந்த நாட்களில் பிடிபடுவது பூஜ்யம். கடலில் மீன் இல்லாமல் இல்லை, கரையை விட்டு யாரும் கிளம்பவில்லை. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன நேரக் கணக்கு இங்கேயும் உண்டு.

ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோளில் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் பார்த்து மீன் கூடுகிற இடத்தை அறிவிக்கிறது. அதுவும் ஒரு செயலியில் வருகிறது. ஆனால் அது அந்தக் கடலையே அளந்து சொல்கிறது. உங்கள் கண்மாயை யாரும் அளக்கவில்லை.

கணக்குப்பிள்ளை

தொண்டிக்காரர் கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலிலிருந்து நினைக்கிறேன். அந்த நிலவு நட்சத்திரத்துக்கு மூலம் சோலூனார் என்கிற கோட்பாடு. ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் 1926இல் கொண்டுவந்தது. நிலவு உச்சியில் இருக்கும்போதும் நேர் கீழே இருக்கும்போதும் மீன் பசியெடுக்கும் என்பார். சில செயலிகள் அதையே நட்சத்திரமாக்கித் தருகின்றன. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, நேற்று மழை பெய்ததா, குத்தகைக்காரர் போன வாரம் வலை இழுத்துவிட்டாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நம் ஊர் மீன்பிடித் திருவிழாவை யோசித்துப் பாருங்கள். கோடையில் தண்ணீர் முழங்கால், இடுப்பளவுக்கு வற்றியதும் ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுத் துண்டை வீசுவார்கள். ஊத்தா, கச்சா, வலை என்று சுற்றுப்பட்டு ஊரே இறங்கும். அன்றைக்கு மூடமா வெயிலா என்று யாராவது கேட்கிறார்களா? போன ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகியதா, அதுதான் கேள்வி. பெருகாத வருடம் எத்தனை பேர் இறங்கினாலும் அயிரையும் குரவையும்தான். என்னைக் கேட்டால் மீன்பிடியில் வானிலையின் பங்கில் பெரும்பகுதி ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இன்றைய வானம், இருப்பதில் எது எங்கே எப்போது கடிக்கும் என்பதை மட்டும் மாற்றுகிறது.

அடுப்படி (கானாடுகாத்தான்)

தூண்டில் பிடித்ததில்லை, ஆனால் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். மீன் வாங்குகிறவர்களுக்கும் வானிலை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள். கடல் மீன் குறைந்து விலை ஏறும்போது சந்தையில் கண்மாய் மீனைத் தேடுவோம். ஆனால் அப்போது கண்மாய் வற்றிக் கிடப்பதால் கெண்டையில் சேற்று வாடை தூக்கும். கல் உப்பும் புளியும் போட்டு எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது. தை, மாசியில் நிறைந்த கண்மாயில் பிடித்ததில் அந்த வாடையே இல்லை. இதற்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டா?

நீர்த்துளி

உண்டு அக்கா. தண்ணீர் குறைந்து சூடேறும்போது ஒருவகை நீலப்பச்சைப் பாசியும் சேற்று நுண்ணுயிரும் பெருகி, மண்வாடைப் பொருளை விடும். அது மீனின் கொழுப்பில் சேர்கிறது. உயிரோடு வாங்கினால் நல்ல தண்ணீரில் சில நாள் விட்டு வைத்தால் குறையும். செத்த மீனில் தோலையும் வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் ஓரளவு தப்பலாம்.

நிர்வாகி

இழை நன்றாகப் போகிறது. இரண்டு வார்த்தை மட்டும்.

மழைக்கு முந்தின ஒரு மணி நேரம் நல்ல நேரம் என்று சிலர் நினைக்கலாம். ஐப்பசி மழை இடியோடு வருவது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் உயரமான பொருள் உங்கள் கையில் இருக்கிற கம்புதான். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்குங்கள், பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். மறுகால் பாய்கிற கலுங்கில் இறங்கி நிற்கவும் வேண்டாம்.

அப்புறம், மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போன கண்மாயில் குத்தகைதாரர் அனுமதி வேண்டும். குடிநீர் ஊருணியில் யாரும் தூண்டில் போடக் கூடாது.

கண்மாய்க்கரை

நிர்வாகி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம்தான் விரால் குஞ்சு பொரிக்கிற காலம். நீர்மேல் செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி புரண்டுகொண்டே நகரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையைப் போட்டால் காவல் மீன் கோபத்தில் பாய்ந்து கடிக்கும். உறுதியான மீன்தான். ஆனால் அதைத் தூக்கிவிட்டால் குஞ்சு அத்தனையும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரை. மழை பார்த்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அடுத்த வருடக் கண்மாய் அங்கே மிதக்கிறது.

செம்மண்பூமி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. போன சித்திரையில் நல்ல வெயிலுக்கு நடுவே ஒரு கோடை மழை கொட்டியது. தண்ணீர் குளிர்ந்திருக்கும், மீன் நன்றாக எடுக்கும் என்று மறுநாள் காலையில் போனோம். ஒன்றுகூடத் தொடவில்லை. கரையோரம் சில கெண்டைகள் செத்தே ஒதுங்கியிருந்தன. புதுமழை நல்லது என்றால் அது ஏன்?

நீர்த்துளி

ஐப்பசி மழை வரத்துக்கால் வழியாகப் புதுத் தண்ணீரை உள்ளே தள்ளும். கோடை மழையில் அந்த அளவு தண்ணீர் வராது, காய்ந்த பூமியே குடித்துவிடும். கண்மாய்க்குள் நேராக விழுந்த குளிர்ந்த தண்ணீர் கனமாக அடிக்கு இறங்கி, மாதக்கணக்கில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை மேலே புரட்டிவிடும். கரையோரச் சாணமும் சருகும் வேறு உள்ளே வரும். இதெல்லாம் அழுக ஆக்சிஜன் வேண்டும், இருப்பதோ கொஞ்சம். மறுநாளும் மூடமாக இருந்தால் பாசியும் ஈடுகட்டாது. கெண்டைதான் முதலில் சாகும்.

இனி கோடை மழை பெய்தால் இரண்டு, மூன்று நாள் நல்ல வெயில் அடிக்க விட்டுப் போங்கள். மறுநாளே போகத்தான் வேண்டும் என்றால் மேல்காற்று அடிக்கிற கரையில், அலை தட்டுகிற இடத்தில், விராலுக்குப் போடுங்கள். மீன் செத்து ஒதுங்குவதைக் கண்டால் உடனே குத்தகைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை அடித்து ஊற்றினால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம்.